அப்பீல் போக எத்தனை மைல்?

சென்ற இதழில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. எனவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

மதுரையில் இருப்பது தனி உயர் நீதிமன்றமா, சென்னைக்குக் கட்டுப்பட்ட சின்னக் கோர்ட்டா?
– சாத்தூர் வாசகர்

இரண்டும் இல்லை. தமிழ்நாட்டுக்கு உயர் நீதிமன்றம் ஒன்றுதான், தலைமை நீதிபதியும் ஒருவர்தான். அந்த ஒரே நீதிமன்றம் இரண்டு ஊர்களில் அமர்கிறது. மதுரையில் சொன்ன தீர்ப்புக்கும் சென்னையில் சொன்ன தீர்ப்புக்கும் எடையில் குன்றிமணி வித்தியாசம் கிடையாது. மதுரை டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் அடுத்த ரயில் டெல்லிக்குத்தான், சென்னைக்கு இல்லை. நீதிபதிகள் சுற்று முறையில் வந்து போவார்கள். யாருக்கு என்ன வகை வழக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் தலைமை நீதிபதி. உங்கள் வழக்குக் கட்டை எடுத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘எம்.டி.’ என்று இரண்டெழுத்து இருந்தால் அது மதுரை வழக்கு.

மதுரைக் கிளை வந்த 2004-க்கு முன்னால் தெற்கே அப்பீல் கோர்ட் என்று ஒன்று இருந்ததே இல்லையா?
– ஸ்ரீரங்கம் வாசகர்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஐயா! 1802-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தியபோது, அவற்றுக்கு மேலே நாலு பகுதிக்கு நாலு அப்பீல் கோர்ட்டுகளையும் வைத்தது. வடக்கே மசூலிப்பட்டினம், நடுவே சித்தூர், மேற்கே தலச்சேரி, தெற்கே திருச்சிராப்பள்ளி. இவற்றுக்கும் மேலே சென்னையில் சதர் அதாலத். கீழே ஜில்லா கோர்ட், மேலே சதர் அதாலத், நடுவில் திருச்சி. இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று இன்று சட்டப் புத்தகங்கள் சொல்கிற அதே அமைப்புதான். திருச்சி நீதிபதிகள் அப்பீல் கேட்டதோடு, சுற்றுப்பயணமாகப் போய்ப் பெரிய குற்ற வழக்குகளையும் விசாரித்தார்கள்.

கம்பெனி இதை நம்மீது கொண்ட பாசத்தால் செய்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தெற்கத்திக்காரன் ஒவ்வொரு அப்பீலுக்கும் கடற்கரைப் பட்டணம் வரை நடக்க முடியாது என்ற உண்மை அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது.

1843-இல் நாலு கோர்ட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு 1862-இல் சதர் அதாலத்தும், 1801 முதல் சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றாகி இன்றைய உயர் நீதிமன்றம் ஆயின. விக்டோரியா ராணியின் சாசனம் ஜூன் 26-ஆம் தேதியிட்டது. நீதிமன்றம் நடக்கத் தொடங்கியது ஆகஸ்ட் 15. மதுரைக் கிளை திறந்தது 2004 ஜூலை 24, அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோதி கையால். கணக்குப் போட்டுப் பாருங்கள். திருச்சியில் மூடிய கதவு மதுரையில் திறக்க 161 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எங்கள் குமரி மாவட்டம் அந்தக் கணக்கில் வராதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

வராது, டீச்சர். உங்கள் கணக்கு இதைவிட வேதனையானது. திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் உங்கள் ஊர்க்காரருக்கு உயர் நீதிமன்றம் திருவனந்தபுரத்தில் இருந்தது. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தீர்கள். போராடி, உயிர் கொடுத்துச் சேர்ந்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் உயர் நீதிமன்றம் 700 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. 48 வருஷம் அப்படியே ஓடியது. இப்போது மதுரை 250 கிலோமீட்டருக்குள். புதுக்கோட்டைக்காரர்களும் இதையே சொல்லலாம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை அவர்களுக்கென்று ஊரிலேயே ஒரு தலைமை நீதிமன்றம் இருந்தது.

தூரம் அவ்வளவு பெரிய விஷயமா? வக்கீல்தானே வாதாடுகிறார், கட்சிக்காரர் எதற்குப் போக வேண்டும்?
– கோயம்பேடு வாசகர்

சென்னையில் இருப்பவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. எங்கள் தாத்தா கதையைச் சொல்கிறேன்.

கரிசல் காட்டில் ஒரு கிணறு, அதில் நாலில் ஒரு பங்குத் தண்ணீர் யாருக்கு என்று வழக்கு. முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தார், சப் கோர்ட்டில் தோற்றார். அடுத்தது சென்னை. போகாமல் இருந்தால் வக்கீலுக்கு வழக்கு மறந்துவிடும் என்று பயம் அவருக்கு. இரவு ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் போவார். எழும்பூரில் இறங்கி, மண்ணடியில் ஒரு விடுதியில் முகம் கழுவிக்கொண்டு, மஞ்சள் பையில் வழக்குக் கட்டை இடுக்கிக்கொண்டு பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு நடப்பார். அவர் எழுதிவைத்த நாற்பது பக்க நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம்: ரயில், விடுதி, இட்டிலி, நகல், குமாஸ்தாவுக்கு டீ. பக்கத்தின் கடைசியில் அநேகமாக ஒரே வாசகம்தான். ‘கேஸ் எடுக்கவில்லை.’ பதினோரு பக்கங்களில் அந்த வாசகம் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில், ‘கிணற்றில் தண்ணீர் இல்லை. இனிப் போக வேண்டாம்.’

அந்த வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டு முடிக்கப்படவே இல்லை. எதிராளிக்குச் சென்னையில் மருமகன் இருந்தார், தங்க இடம் இருந்தது. தூரம் ஒரு தரப்புக்கு வக்கீலாக வாதாடியது. அதனால்தான் இந்தக் கிளையைப் பற்றி யார் லேசாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்பீல், செகண்ட் அப்பீல், ரிவிஷன், ரிட். தலை சுற்றுகிறது. ஒரு வரியில் சொல்ல முடியுமா?
– சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவி, திருநெல்வேலி

ஒரு வரியில் சொன்னால் தேர்வில் தோற்றுவிடுவாய், தங்கச்சி. கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதல் அப்பீல் என்பது மறுபடியும் முழுசாக அளப்பது. சாட்சி சொன்னது சரியா, பத்திரம் உண்மையா, சட்டம் பொருந்துமா, எல்லாவற்றையும் மேல்கோர்ட் பார்க்கலாம். செகண்ட் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது வாசல் குறுகிவிடும். சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். ‘என் சாட்சியை நம்பியிருக்க வேண்டும்’ என்று அங்கே போய் அழுதால் எடுபடாது. ரிவிஷன் என்பது கீழ்க்கோர்ட் தன் அதிகார எல்லையைத் தாண்டியதா, முறை தவறியதா என்ற பார்வை. ரிட் என்பது அப்பீலே இல்லை. அரசோ அதிகாரியோ உன் உரிமையில் கைவைத்தால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போவது. ஆட்கொணர்வு மனுவும் இந்த வகைதான்.

இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள். செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தால், குற்றவாளி அப்பீல் போகாவிட்டாலும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குத் தானாகவே வரும். அங்கே உறுதிப்படுத்தாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது. மனித உயிர் விஷயத்தில் ஒரு கோர்ட்டின் கண் மட்டும் போதாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிற இடம் அது.

அப்பீலில் புதுச் சாட்சி கொண்டு வரலாமா?
– தேவகோட்டை வாசகர்

பொதுவாக முடியாது. எவ்வளவு முயன்றும் முன்பே கிடைக்காத ஆதாரம் என்று நிரூபித்தால் அனுமதி கிடைக்கலாம். பெட்டியில் தேடச் சோம்பல்பட்டதற்கு மன்னிப்பு இல்லை.

ஒரே வழக்கில் ஒரு நீதிபதி ஒன்று சொல்கிறார், இரண்டு நீதிபதிகள் வேறு சொல்கிறார்கள், டெல்லி மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. இதில் எது நீதி?
– அலங்காநல்லூர் வாசகர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. ஜல்லிக்கட்டு வழக்கு பிறந்ததே மதுரைக் கிளையில்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்காரர் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு மனுப் போட்டார். அவர் கேட்டது மாட்டு வண்டிப் பந்தயம் மட்டும். 2006 மார்ச் 29 அன்று நீதிபதி ஆர். பானுமதி தனி நீதிபதியாகத் தீர்ப்புச் சொன்னார். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்து வைத்து, ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை. ஊரே அதிர்ந்தது.

அதே மதுரைக் கிளையின் டிவிஷன் பெஞ்சுக்கு அப்பீல் போனார்கள். 2007 மார்ச் 9 அன்று இரண்டு நீதிபதிகள் அந்தத் தடையை நீக்கினார்கள். ஒழுங்குபடுத்தி நடத்தலாம் என்பது அவர்கள் முடிவு. அதை எதிர்த்து வழக்கு டெல்லிக்கு ஏறியது. நடுவில் 2009-இல் மாநில அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்த கூட்டத்தால் மெரினா நிறைந்தது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. 17 வருஷம்.

எது நீதி என்று கேட்கிறீர்கள். கடைசித் தீர்ப்புதான் இன்றைய சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் நெஞ்சாரச் சொல்கிறேன், முதல் தீர்ப்பு வீணாகப் போகவில்லை. மாட்டுக்கு மருத்துவச் சோதனை, பார்வையாளர்களுக்குத் தடுப்புவேலி, வாடிவாசலுக்கு விதிமுறை, இவையெல்லாம் இன்றைக்கு உங்கள் ஊரில் இருப்பதற்கு அந்தப் பெண் நீதிபதி எழுப்பிய கேள்வியும் ஒரு காரணம். தடை சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன். கேள்வி சரியானது. ஒரே கட்டடத்தில் ஒரு அறையில் சொன்னதை அடுத்த அறையில் மாற்றிச் சொல்ல இடமிருப்பது இந்த அமைப்பின் பலம். அது இல்லையென்றால் 2006-லேயே கதை முடிந்திருக்கும்.

தஞ்சாவூருக்கு மதுரை. பக்கத்திலுள்ள திருவாரூருக்குச் சென்னை. என்ன கணக்கு இது?
– மன்னார்குடி வாசகர்

1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் 2004-இல் பிறப்பித்த ஆணையில் 13 மாவட்டங்களின் பெயர் இருந்தது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதால் இப்போது 14. உங்கள் மாவட்டம் பட்டியலில் இல்லை. கோட்டை எங்காவது போடத்தானே வேண்டும்.

ஆனால் போட்ட கோட்டை மதிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கரூர் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. அந்த விவகாரத்தில் சென்னையில் தனி நீதிபதி சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தார். கரூர் மதுரைக் கிளையின் எல்லையில் இருக்கும்போது சென்னையில் எப்படி இந்த உத்தரவு என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. சோகத்தின் நடுவிலும் எல்லைக் கேள்வி வரத்தான் செய்யும். அந்த 14 பெயர்களை மனப்பாடம் செய்துகொள்வது வக்கீல்களுக்கு மட்டுமான வேலை இல்லை.

மதுரைக் கிளை இருந்ததால்தான் நடந்தது என்று ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.
– தூத்துக்குடி வாசகர்

உங்கள் மாவட்டத்திலிருந்தே சொல்கிறேன். சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் இருவரையும் போலீஸ் காவலில் வைத்தது. 22-ஆம் தேதி மகன் இறந்தார், 23-ஆம் தேதி தகப்பனார். ஊரடங்குக் காலம். சென்னைக்கு யாராலும் போக முடியாது. மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி இருவரும் யாரும் மனுப் போடக் காத்திராமல் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டுக்கு ஸ்டேஷனுக்குள்ளேயே மரியாதையில்லாத பேச்சும் ஒத்துழையாமையும். அது மதுரைக்குத் தெரிந்தவுடன், போலீஸ் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி கலெக்டருக்கு உத்தரவு போனது. தாசில்தார்கள் ஒரு காவல் நிலையத்துக்குக் காவல் இருந்தார்கள்! உள்ளே நடந்ததைத் துணிந்து சொன்ன பெண் தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பும் கொடுக்கச் சொன்னது கோர்ட். சி.பி.ஐ. வந்து சேரும்வரை தடயம் அழியக் கூடாதென்று சி.பி.சி.ஐ.டி. உடனே இறங்க வேண்டும் என்றது.

அந்த நாட்களில் மணிக்கணக்கு முக்கியமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கோர்ட் விழித்திருந்தது.

உங்களுக்குப் பிடித்த மதுரைத் தீர்ப்பு?
– காரைக்குடி வாசகி

2019 ஏப்ரல் 22. தூத்துக்குடியில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகம் மறுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். அதோடு நிற்காமல், இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவர்களைக் கேட்காமல் செய்யும் பாலின அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்க அரசுக்கு உத்தரவிட்டார். அந்த வருஷமே அரசாணை வந்தது. பேசத் தெரியாத பச்சைக் குழந்தைகளுக்காக ஒரு கோர்ட் பேசியது.

இரண்டாவது இடம் 2021 ஆகஸ்டில் வந்த உத்தரவுக்கு. மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது.

சீமைக் கருவேலத்தை வெட்டச் சொன்னதும் மதுரைதானே? என்ன ஆயிற்று?
– முதுகுளத்தூர் வாசகர்

அரசியல் தலைவர் வைகோ தாமே ஆஜராகி வாதாடிய வழக்கு. நீர்நிலைகளில் உள்ளதை வேரோடு அகற்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2017-இல் கிராமம் கிராமமாக ஜே.சி.பி. இறங்கியது. அந்த ஏப்ரலில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. விறகும் கரிமூட்டமும் நம்பிய குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கோர்ட் உத்தரவால் மட்டும் ஒரு மரத்தை ஒழிக்க முடியாது என்று அன்று கற்றுக்கொண்டோம். கண்மாயைக் காப்பது ஊராட்சியின் அன்றாட வேலை.

மீனாட்சி ஊரில் கோர்ட், வழக்காடுவது மட்டும் இங்கிலீஷிலா?
– மேலூர் வாசகர்

இந்தக் கேள்வியை நான் விடாமல் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஆளுநர் மாநில மொழியை அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் நான்கிலும் இந்திக்கு அப்படி இடம் கொடுத்தாயிற்று. 2006 டிசம்பரில் தமிழுக்கும் அந்த இடம் கேட்டு நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. அனுமதி வரும்வரை, சாத்தூரில் தமிழில் சொன்ன சாட்சியம் ஒத்தக்கடையில் உள்ள மதுரைக் கிளைக்கு வரும்போது மொழிபெயர்த்து, டைப் அடித்து, பணம் கட்டி ஆங்கிலமாக வர வேண்டும். சாட்சி சொன்னவருக்கே தன் சாட்சியம் புரியாத நிலை. எனக்கு இதில் சமாதானமே இல்லை.

கோவைக்கும் ஒரு கிளை வேண்டும் என்கிறோம். ஆதரிப்பீர்களா?
– பொள்ளாச்சி வாசகர்

ஆதரிப்பேன். காணொளி விசாரணை வந்த பிறகு கிளை எதற்கு என்று கேட்பார்கள். காணொளி வக்கீலின் பயணத்தைக் குறைக்கும், நல்லதுதான். கட்சிக்காரருக்குத் தன் வழக்கை யாரோ காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கும் நிம்மதியைத் தராது. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் அந்த வளாகத்தின் வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள், சோற்றுத் தூக்கோடு வரும் முதியவர்கள், எல்லாரும் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள். மண்ணடி விடுதிக்காரர்களுக்கு அவர்களைத் தெரியாது.

கீழ்க்கோர்ட்டில் தோற்றுவிட்டேன். கையில் காசில்லை. இப்போது என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், பரமக்குடி

அம்மா, முதலில் தேதியைப் பாருங்கள். சிவில் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 90 நாள், மாவட்ட அளவிலான அப்பீலுக்கு 30 நாள். கிரிமினல் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், தூக்குத் தண்டனைக்கு 30 நாள். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள். நகல் கிடைக்க எடுத்துக்கொண்ட நாட்கள் இந்தக் கெடுவில் சேராது. கெடு தாண்டியிருந்தாலும் நியாயமான காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு கேட்கலாம், நாளைக் கடத்தாதீர்கள்.

காசைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது, யாரும் போடும் பிச்சையில்லை. உங்கள் ஊர்க் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மதுரைக் கிளையிலும் ஒரு குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நாளைக் காலையிலேயே பேசுங்கள்.